கிண்ணத்தை நடுவில் வைங்க, நீங்களும் கூடவே உட்காருங்க



'சாலட் பார்' என்று டவுன் ஓட்டல்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நறுக்கிய காய், வேகவைத்த பயறு, பழம், கடலை என்று தனித்தனிக் கிண்ணத்தில் வரிசையாக வைத்துவிடுவார்கள். வேண்டியதை வேண்டிய அளவு அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பரிமாற ஆள் கிடையாது.

பச்சைக் காய் நமக்கும் புதுசு இல்லை. ராமநவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் வெள்ளரிக்காய் போட்டு எலுமிச்சை பிழிகிற கோசுமல்லி, நவராத்திரிச் சுண்டல், பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவித் தருகிற மாங்காய்க் கீற்று எல்லாம் இந்த வகைதான். இதையே வாரத்தில் ரெண்டு நாள் ராத்திரிச் சாப்பாடாக வைத்துப் பார்க்கலாம்.

ஏன் என்றால், போடியிலிருந்து விடியக்காலையில் ஜீப் ஏறி போடிமெட்டு, பூப்பாறை, சாந்தம்பாறை பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் உலை வைத்து, குழம்பு கூட்டி, வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காரும்போது வட்டிலில் சோறு இருக்கும், வெஞ்சனம் இருக்காது. சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடல்புழு என்று காரணம் பல உண்டு. மிஞ்சியதைச் சாப்பிடுகிற பழக்கமும் அதில் சேர்ந்துகொள்கிறது. கிண்ணங்களை நடுவில் வைத்துவிட்டால் பரிமாறுகிற வேலையே இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து அம்மாவும் அதே நேரத்தில் உட்கார்ந்துவிடலாம். செலவு குறைவது இருக்கட்டும், இதுதான் பெரிய லாபம்.

4 பேர் உள்ள வீட்டுக்கு 200 கிராம் பாசிப்பயறு, ஒரு பெரிய கைப்பிடி நிலக்கடலை, வெள்ளரிக்காய் 2, கேரட் 2, தக்காளி 3, வெங்காயம் 2, கொய்யாப்பழம் 2, எலுமிச்சம்பழம் 2, கொஞ்சம் தேங்காய்த் துருவல், மல்லித்தழை போதும். இதே சாமான்தான் வேண்டும் என்று இல்லை. சந்தையில் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்குங்கள். பாசிப்பயறுக்குப் பதில் தட்டாம்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை போடலாம், ஆனால் இவற்றை நன்றாக வேகவைத்துத்தான் வைக்க வேண்டும். முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஆளுக்கு ஒரு அவித்த முட்டை.

பயறு முளைகட்ட தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் ஜீப்புக்குக் கிளம்புமுன் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால், சாயந்திரம் வரும்போது முளை எட்டிப் பார்க்கும். மலைமேல் குடியிருப்பவர்களுக்குக் குளிரால் இன்னொரு நாள் ஆகும், அதுவரை துணி காயாமல் தண்ணீர் தெளித்து வையுங்கள். முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதுதான் சத்து என்று சிலர் சொல்வார்கள். அந்த ஈரச் சூட்டில் கிருமியும் வளரும். எனவே இட்லிச் சட்டியில் 10 நிமிஷம் ஆவியில் வைத்து எடுங்கள். பிள்ளைத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கண்டிப்பாக இப்படித்தான். மேலே கடுகு, கருவேப்பிலை, வரமிளகாய் தாளித்துக் கொட்டினால், "என்ன இது, ஆட்டுக்குத் தழை போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களும் ரெண்டாவது தடவை எடுப்பார்கள்.

பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி உள்ளது சேர்ந்தால் நன்றாக இழுத்துக்கொள்ளும். சூட்டில் அந்தச் சத்து குறையும் என்பதால் எலுமிச்சையைச் சாப்பிடப் போகும்போது பிழியுங்கள். காப்பி, டீ இதற்கு நேர் எதிரி. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டுக் குடியுங்கள்.

பச்சையாகத் தின்பதால் சுத்தம் ரொம்ப முக்கியம். காயை நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரிலோ புளித் தண்ணீரிலோ கால் மணி நேரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடைசியாகக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு அலசு அலசுங்கள். ஓடைத் தண்ணீர் பிடிக்கிற வீடுகளில் இதை விடவே கூடாது. முட்டைக்கோஸ் இலை மடிப்பில் நாடாப்புழு முட்டை இருக்கலாம், அதை வேகவைத்தே சேருங்கள். கறி வெட்டிய அரிவாள்மனையில் அப்படியே காய் நறுக்காதீர்கள்.

ஏலத்துக்கு மருந்து அடித்த நாளில் இன்னும் கவனம் வேண்டும். சோப்புப் போட்டுக் குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் காயைத் தொட வேண்டும். மருந்து வந்த கேனையும் டப்பாவையும் எத்தனை தடவை கழுவியிருந்தாலும் தண்ணீர் பிடிக்கவோ, பயறு ஊறவைக்கவோ எடுக்காதீர்கள்.

அப்ப சோறு வேண்டாமா? வேணும். நாள் முழுக்க மலைச்சரிவில் குனிந்து காய் எடுத்த உடம்புக்கு வெள்ளரிக்காய் மட்டும் பத்தாது. ஒரு கிண்ணத்தில் சோறோ, கேழ்வரகுக் களியோ, தோசையோ இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பயறு, பருப்பு 85 கிராம், பழம் 100 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். நம்ம வட்டிலில் சோறுதான் குவிந்து கிடக்கும், காய் ஓரத்தில் ஒரு கரண்டி. அதைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

ஏற்கெனவே ரத்தம் குறைவு என்று தெரிந்தவர்கள், இதைச் சாப்பிடுகிறோமே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 11 கிராம், மற்ற பெண்களுக்கு 12 கிராம், இதற்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நறுக்கிய காய் மறுநாளைக்குத் தாங்காது, அளவாக நறுக்குங்கள். மிஞ்சிய கேரட், வெங்காயத்தை அன்றைக்கே வதக்கி வைத்தால் காலையில் கேழ்வரகு அடைக்கு ஆகும்.