கியர் விழவில்லையா? இன்ஜினை ஆஃப் செய்து பாருங்கள்!

சிக்னலில் பச்சை விழுந்தும் முதல் கியர் விழ மறுத்தால், ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்றுதான் பலரும் பதறுவார்கள். அதை இறக்கி மாட்டுவது செலவு பிடித்த வேலை. சம்மதிப்பதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். கிளட்சை முழுதாக மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மேல்தான். எவ்வளவு மிதித்தாலும் அது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுதாகப் பிரிக்கவில்லை.

பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடந்தாலே இப்படி ஆகும்! கேபிள் கிளட்ச் என்றால், கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே போதுமானதாக இருக்கலாம். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால்தான் கவனம் தேவை. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. பெடல் தொளதொளவென இறங்கி, டப்பாவில் அளவும் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டிப் போகாதீர்கள், பிரேக்கும் கைவிடலாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஆஃபிலும் லீவர் இறுகினால், கியர் கேபிளையோ கியர் பாக்ஸையோதான் பார்க்க வேண்டும். ஓட்டும்போது ஒரே ஒரு கியர் மட்டும் ‘கர்ர்’ என்றால், அதன் சின்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ரிவர்ஸ் விஷயம் வேறு. பல கார்களில் அதற்கு அந்த ரிங்கே கிடையாது. கார் முழுதாக நின்றபின், கிளட்சை மிதித்தபடி 3 விநாடி பொறுத்துப் போட்டால் சத்தமில்லாமல் விழும்.