பாசி உரம் வாங்கும்போது கேளுங்க

அன்னவாசலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நிலக்கடலைக்குத் தெளிக்கிற கடல்பாசி உரம்தான். இது தொழுவுரத்துக்கு மாற்று இல்லை, பயிர் ஊக்கி மட்டும்தான்.

ஆனா எந்தப் பாசி? பாம்பன் தீவு சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையா மூழ்கி எடுக்கிற கட்டக்கோரையும் மரிக்கொழுந்துப் பாசியும் நம்ம கடலிலேயே விளையுறது. மாசத்துக்கு 12 நாள்தான் இறங்குறதுன்னு அவங்களே கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. வெட்டின பாசி மறுபடி வளரணுமே! அவங்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைச்சது.

இன்னொன்னு கப்பாபைகஸ். வெளிநாட்டு இனம், மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறாங்க. அது 2008-ல் குருசடைத் தீவுப் பவளப்பாறை மேல் படர்ந்திருந்தது தெரிய வந்தது. மூடிக்கிட்டா வெளிச்சமில்லாமல் பவளம் சாகும், மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமிருக்காது. நம்ம வயலில் பார்த்தீனியம் பரவின கதைதான். அதை நம்பியும் பல குடும்பங்கள் பிழைக்குது, அதனால ஒரே அடியா ஒதுக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பாசியின் பெயர் இல்லைன்னா கடைக்காரரிடம் கேளுங்க. பத்துப் பேர் சேர்ந்தால் தீவுப் பெண்கள் குழுவிடமே காய்ந்த கட்டக்கோரையை நேரா வாங்கலாம். இடைத்தரகர் லாபம் அவங்க கைக்கே போகும். நல்ல தண்ணியில் அலசி உப்பைப் போக்கிட்டுத்தான் மட்கப் போடணும்.