தெளிச்சோம், சரியாச்சு – எதனால?

"முப்பது வருசமா நெல்லு போடறேன், எனக்குத் தெரியாததா?" உழவர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முப்பது வருசம் சின்ன விசயமில்லை. சேத்துப் பதமும் நாத்து வயசும் கைக்குப் பிடிபட அத்தனை காலம் வேணும். ஆனால் அனுபவம் மட்டுமே தேர்ச்சி ஆகிவிடாது.

இலைச்சுருட்டுப் புழுவையே எடுத்துக்கொள்வோம். நட்ட இருபத்தைந்தாம் நாள் இலை சுருண்டு, பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மனசு பதறி மருந்தடிப்போம். கொஞ்ச நாளில் பயிர் பச்சை கட்டிவிடும். "மருந்து கேட்டுச்சு" என்போம். அடிக்காமல் விட்டிருந்தால்? அதை நாம் பார்த்ததே இல்லை. தூர் கட்டும் பருவத்தில் நெல்லே புது இலையும் தூரும் விட்டு, இழப்பை ஈடுகட்டிவிடும். சிலந்தியும் குளவியும் புழுவைக் குறைக்கும். பெருமை மட்டும் மருந்துக்குப் போகும்.

1990-களில் வியட்நாமின் மேகாங் டெல்டா உழவர்களிடம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு சோதனை செய்து பார்க்கச் சொன்னார்கள். வயலில் ஒரு பகுதிக்கு முதல் 40 நாள் பூச்சிமருந்து வேண்டாம். அறுவடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். விளைச்சல் குறையவில்லை என்பதை உழவர்கள் தாங்களே கண்டார்கள். பலர் அந்த ஆரம்பகாலத் தெளிப்பையே விட்டார்கள்.

இது ரசாயனக்காரர்களுக்கு மட்டுமான பாடமில்லை. பஞ்சகவ்யா, மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல் என்று நாமும் "தெளிச்சோம், சரியாச்சு" என்றுதானே சொல்கிறோம்? தெளித்ததாலா, தானாகவா? தெரிந்துகொள்ள வழி இருக்கிறது:

• ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள். அதே ரகம், அதே தண்ணீர். மரநிழல் வேண்டாம்.

• தெளிக்கும் முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

• அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். கண்மதிப்பு போதாது.

• ஒரு போகத்தில் முடிவு கட்டாதீர்கள். மழையும் வெயிலும் வருசத்துக்கு வருசம் மாறும்.

இப்படிச் செய்யும்போது நம் கணிப்பு சில நேரம் பொய்க்கும். அந்த இடத்தில்தான் புதுசாகக் கற்கிறோம். தூர் கட்டும்போது பொறுக்கலாம். கண்ணாடி இலை வந்தபின் சேதம் கூடினால் மகசூலைப் பிடிக்கும். எப்போது பொறுப்பது, எப்போது இறங்குவது என்று காரணத்தோடு சொல்லத் தெரிவதே தேர்ச்சி. வரும் போகத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கிப் பாருங்களேன்.