கத்திக்குச் சாணை: கருவி வாங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூரில் ஒரு தொழிலாளர் குடும்பம். கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். மனைவி அடுக்களையில் தக்காளி நறுக்குகிறார். ராயக்கோட்டைப் பக்கம் விளைந்த நல்ல தக்காளி. ஆனால் கத்தி இறங்கவில்லை. தக்காளி நசுங்கிச் சாறு பலகையில் ஓடுகிறது.

"என்னங்க, இந்தக் கத்தி மழுங்கிப் போச்சு. அழுத்தினால் வழுக்குது. ஒருநாள் கையைத்தான் வெட்டப் போகுது" என்கிறார் மனைவி.

கணவர் கைபேசியை நீட்டுகிறார். அதில் ஒரு கருவியின் படம். வீட்டிலேயே கத்தி தீட்டும் கருவி. விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். "இதை வாங்கிட்டால் கவலை விட்டது" என்கிறார்.

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய தாயார் தலையை நிமிர்த்துகிறார். "ஏம்ப்பா, நம்ம அரிவாள்மணையை அதில் வைக்க முடியுமா?"

மகனிடம் பதில் இல்லை.

கேள்வி சிறியதுதான். ஆனால் காசைக் கொடுக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

மழுங்கிய கத்தியே ஆபத்து

கூரான கத்திதான் கையை வெட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கூரான கத்தி வைத்த இடத்தில் இறங்கும். மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுத்து அழுத்த வேண்டும். அழுத்தும்போது அது வழுக்கும். வழுக்கினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பலத்தோடு பாயும் கத்தி ஆழமாக வெட்டும். ஆகவே கத்தியைத் தீட்டி வைப்பது வீண் செலவு அல்ல. எப்படித் தீட்டுவது என்பதுதான் கேள்வி.

ஆலைச் சக்கரம் வேண்டாம்

பட்டறைத் தொழிலாளர் சிலர் வீட்டுக் கத்தியை எடுத்துப் போய், மின்சாரச் சக்கரத்தில் பிடித்துக்கொண்டு வருவதுண்டு. அந்தச் சக்கரம் சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 2,800 தடவை சுற்றும். தீப்பொறி பறக்கும். கத்தியும் பளபளக்கும். ஆனால் மெல்லிய விளிம்பு சட்டென்று சூடேறி விடும். விளிம்பு நீலநிறம் ஆனால் எஃகின் உறுதி போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தி இன்று வெட்டும். நாலு நாளில் மறுபடி மழுங்கும். பயிற்சி இல்லாதவர் கையிலிருந்து சக்கரம் கத்தியைப் பிடுங்கி வீசவும் கூடும்.

வாசற்படிக் கல்லில் தேய்ப்பது பழைய வழக்கம். கிருஷ்ணகிரிச் சீமையில் கருங்கல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் கருங்கல்லில் பலவகை மணிகள் கலந்திருக்கின்றன. சில மிகக் கடினம். சில அவ்வளவு கடினம் இல்லை. அதனால் விளிம்பு சீராக வராது.

அமெரிக்காவில் பிறந்த கல்

இன்று கடையில் விற்கும் தீட்டுக்கல் பெரும்பாலும் செயற்கைக் கல். 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் காய்ச்சினார். அவர் செய்ய விரும்பியது வைரம். கிடைத்ததோ வேறு பொருள். அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். வைரத்தின் கடினத்தை 10 என்று வைத்தால், இதன் கடினம் 9-க்கு மேல். எஃகை எளிதில் தேய்க்கும்.

அதே பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-ல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதற்கு ஓசூரிலும் ஆலை உண்டு. தேய்ப்புக்கல் தொழில் ஓசூருக்குப் புதிதல்ல.

கருவி என்ன செய்கிறது?

கருவியில் ஒரு பிடி இருக்கிறது. அதில் கத்தியை இறுக்க வேண்டும். ஒரு கம்பியின் முனையில் சிறிய கல் இருக்கிறது. கம்பி ஒரு துளை வழியாகப் போய்வரும். துளையை மேலும் கீழும் மாற்றினால் கல்லின் சாய்வு மாறும். சமையல் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரிச் சாய்வு போதும்.

ஆக, கருவி விற்பது கூர்மையை அல்ல, சாய்வை. கூர்மையைத் தருவது கல். சாய்வு மாறாமல் காப்பது கருவி. கை நடுங்குகிறவர்களுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. தினமும் பத்துக் கத்திகள் புழங்கும் உணவு விடுதிக்கும் பழக்கடைக்கும் இது பயன்படும்.

ஆனால் குறையும் உண்டு. நீளமான கத்தியை இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வளைந்த அரிவாளுக்கு இது ஏற்றதல்ல. கத்தரிக்கோலுக்கும் ஆகாது. பலகையில் பதித்த அரிவாள்மணையை அந்தப் பிடியில் வைக்கவே முடியாது. பாட்டியின் கேள்விக்குப் பதில் இதுதான்.

கையால் தீட்டும் வழி

ஒன்றிரண்டு கத்தி உள்ள வீட்டுக்கு இருபக்கக் கல் ஒன்று போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஒரு பக்கம் 400 எண், மறுபக்கம் 1000 எண் இருந்தால் நல்லது. எண் குறைந்தால் கல் கரடு; எண் கூடினால் மென்மை.

சாய்வுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கத்தியின் அகலத்தை அளக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கத்தியின் முதுகைத் தூக்க வேண்டும். அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் உயரம் 1 சென்டிமீட்டர். சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி வந்துவிடும்.

கல் வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போட வேண்டும். மேலே தண்ணீர் தெளிக்க வேண்டும். விளிம்பில் பேனா மையைத் தடவிவிட்டுத் தேய்த்தால், கல் படும் இடத்தில் மை அழியும். அழியாத இடத்தில் கல் படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு பக்கம் தேய்ந்ததும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். பிறகு அந்தப் பக்கத்தைத் தேய்க்க வேண்டும். முடிவில் 1000 எண் கல்லில் மெதுவாக இழுத்தால் பிசிர் போய்விடும். கூரைச் சோதிக்க விரலை வைக்கக்கூடாது. தக்காளித் தோலே போதும்.

சாணைக்காரர் இருக்கிறார்

அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் சாணை பிடிப்பவரே சரியான ஆள். அவர் காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுற்றுகிறார். தீப்பொறி பறந்தாலும் வேகம் அவருடைய காலில் இருக்கிறது. சூடேறினால் நிறுத்துவார். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். வீதிதோறும் குரல் கொடுத்துப் போகும் அவருக்கு அதுதான் அன்றாடச் சோறு.

ஓசூர்க் குடும்பம் ஞாயிறு மாலைக்குள் முடிவு செய்துவிட்டது. வீட்டில் இருப்பது கத்தி இரண்டு, அரிவாள்மணை ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று. கத்திகளுக்கு ஒரு கல். மற்ற இரண்டுக்கும் சாணைக்காரர். மிச்சப் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார் மனைவி.

கருவி கெட்டது அல்ல. ஆனால் கடைக்குப் போகுமுன் அடுக்களைக்குள் போக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தவர் ஏமாறுவதில்லை.