நீரில் தானே மூடிக்கொள்ளும் பாலிமர் பை

பிளாட்டினம் கம்பியில் பாலிமர் கரைசலைத் தடவிக் காயவைக்கிறார்கள். படிந்த படலத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்து, கம்பிக்குக் குறைந்த அளவு மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். படலம் நீரை இழுத்து உப்புகிறது. ஏடு ஏடாகக் கிளம்பி, உருண்டு, கம்பியை விட்டுக் கழன்று மிதக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் நீர்தான் இருக்கிறது. அதைச் சுற்றி ஏறத்தாழ 8 நானோமீட்டர் தடிமனில் பாலிமர் சுவர்.

இந்த நுண்பைக்குப் பாலிமர்சோம் என்று பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் டிஷர், டேனியல் ஹேமர், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பேட்ஸ் ஆகியோர் அடங்கிய குழு 1999-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விவரித்தது.

அச்சு இல்லை, பசை இல்லை. பிறகு எப்படிப் பை உருவாகிறது? விடை மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. அதன் ஒரு பாதியான பாலிஎத்திலீன் ஆக்சைடு நீரை விரும்பும். மறுபாதியான பாலிஎத்தில்எத்திலீன் நீரை வெறுக்கும். தண்ணீருக்குள் வெறுக்கும் பாதிகள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே ஒளிந்துகொள்ள, விரும்பும் பாதிகள் இருபுறமும் நீரைத் தொட்டு நிற்கின்றன. இப்படி ஒரு தகடு உருவாகிறது. ஆனால் தட்டையான தகட்டின் விளிம்பில் வெறுக்கும் பகுதி நீரில் படும். அதைத் தவிர்க்கத் தகடு வளைந்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்து மூடிக்கொள்கிறது.

நம் உடலின் செல் சவ்வும் இதே விதியில் நிற்பதுதான். 1960-களில் பிரிட்டனின் அலெக் பாங்ஹாம், செல் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்பைகளாவதைக் கண்டார். லிப்போசோம் எனப்படும் அந்தப் பைகளில் அடைத்த புற்றுநோய் மருந்துக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஆனால் லிப்போசோம் எளிதில் கிழியும்.

பாலிமர்சோம் எவ்வளவு தாங்கும்? மயிரிழையைவிடக் குறுகிய வாயுள்ள கண்ணாடிக் குழாயைப் பையின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினார்கள். சுவரின் ஒரு பகுதி நாக்குபோல் குழாய்க்குள் நீண்டது. உறிஞ்சலைக் கூட்டக் கூட்ட நாக்கும் நீண்டது. சுவரின் பரப்பு சுமார் 5 சதவீதம் விரிந்தாலே கொழுப்புப் பை வெடித்துவிடும். பாலிமர் பையோ ஏறத்தாழ 20 சதவீதம் வரை தாங்கியது. சுவர் வழியே நீர் கசிவதும் கொழுப்புப் பையில் கசிவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாலிமர் மூலக்கூறு கொழுப்பு மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சுவரும் தடிப்பானது.

கெட்டியான பை மருந்தைப் பத்திரமாகச் சுமக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் அது திறக்காவிட்டால் பயனே இல்லை! எனவே டிஷரின் குழு, நீரில் மெல்லச் சிதையும் பாலிலாக்டிக் அமிலத்தைச் சுவரில் சேர்த்தது. நீரில் கரையாத பேக்ளிடாக்சல் மருந்து சுவருக்குள்ளும், கரையும் டாக்சோரூபிசின் பையின் நடுவிலும் ஏற்றப்பட்டன. பையை விழுங்கும் செல்லுக்குள் அமிலத்தன்மை மிகுந்த அறைகள் உண்டு. அங்கே சிதைவு வேகமெடுக்கிறது, சுவரில் ஓட்டைகள் விழுகின்றன, இரு மருந்துகளும் வெளியேறுகின்றன. எலிகளில் கட்டிகள் சுருங்கியதை 2006-இல் அவர்கள் வெளியிட்டார்கள். சிதையும் பாலிமரையும் சிதையாத பாலிமரையும் எந்த விகிதத்தில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்து, பை திறக்கும் நேரத்தையும் முன்கூட்டியே வகுத்துவிடலாம்.