மங்கா, லூபஸா? தெரியுமா?

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டிஎன்ஏவை எதிரி என்று நினைத்துப் பாயும் என்றால் நம்புவீர்களா? அதுதான் லூபஸ்! இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்!

வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் ஒரு பெண்ணுக்கு விரல் மூட்டு வலித்தால் நெசவைச் சொல்வோம். முடி கொட்டினால் தண்ணீரை, அசதிக்கு ரத்தசோகையை, முகம் கறுத்தால் மங்கு எனும் கருந்திட்டை. தனித்தனியே எல்லாமே சரியான காரணங்கள்தான். ஆனால் இவை அத்தனையும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வந்தால்?

வெயில் பட்டாலே இந்த நோய் சீறலாம், தெரியுமா? புற ஊதாக் கதிரில் தோல் அணுக்கள் சாக, அவற்றின் உட்பொருள் வெளியே வர, எதிர்ப்புச் சக்தி அதன்மேல் பாய, தோலில் தொடங்கியது மூட்டு, சிறுநீரகம் வரை போகலாம்! இரு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் தடிப்பு படரும். மூக்கோரத்து மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். பாடநூல் படங்களில் அது சிவப்பு. நம் நிறத்தில் கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரியும். மங்கு என்று களிம்பு தடவி மாதங்களைக் கடத்துவது இதனால்தான்.

சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலியே இருக்காது! நுரைத்துப் போகும் சிறுநீர், வீங்கும் கால், ஏறும் ரத்த அழுத்தம், அவ்வளவுதான். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே புரதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லூபஸுக்கு முதலில் எடுக்கும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றதும் கலங்க வேண்டாம். ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் அப்படி வரும். ஆனால் நெகட்டிவ் என்றால் லூபஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு! அதற்கடுத்த ஆன்டி-எஸ்எம் பரிசோதனையின் பெயரில் இருப்பது, 1960களில் ரத்தம் தந்த ஒரு நோயாளியின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள்!

இன்னொன்று, இதை உரக்கச் சொல்ல வேண்டும்: கர்ப்பகாலத்தில் பால்வினை நோய்க்கு எடுக்கும் விடிஆர்எல் பரிசோதனை, லூபஸ் உள்ள பெண்ணுக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். உறுதிப்படுத்தும் மறுபரிசோதனை வருமுன் அவளைச் சந்தேகிப்பது எத்தனை பெரிய அநியாயம்!

மருந்து? 2020 கொரோனாவில் எல்லோரும் தேடிய அதே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்! மலேரியா மாத்திரையாக வந்தது. கர்ப்பத்திலும் தொடரலாம், கண் பரிசோதனை மட்டும் தவறக் கூடாது. வேலூர் சிஎம்சியிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் லூபஸ் போன்ற நோய்களைப் பார்க்கவே ரூமட்டாலஜி துறை இருக்கிறது.