‘உங்கள் விமானம் ரத்து’: பெயர், பிஎன்ஆர் சரியாக இருந்தாலே அந்த மெயிலை நம்பிவிடலாமா?

காரைக்குடி பக்கத்து மானகிரியில் இருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் திருச்சியில்தான் விமானம் ஏறுவார்கள். காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வண்டி சொல்லியாச்சு, பலகாரமும் பெட்டிக்குள் போயாச்சு. அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு மெயில்: ‘உங்கள் விமானம் ரத்து. பணத்தைத் திரும்பப் பெற 2 மணி நேரத்துக்குள் இங்கே கிளிக் செய்யவும்.’

யாராக இருந்தாலும் கை தானாக லிங்க்குக்குப் போகும். ‘ஃபிஷிங்’ மோசடிக்காரர்களுக்கு வேண்டியது இந்தப் பதற்றம்தான். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையெல்லாம் இனி செல்லாது. இப்போது வரும் மெயில்களில் லோகோவிலிருந்து நடைவரை எல்லாமே அச்சு அசலாக இருக்கும். சில சமயம் உங்கள் பெயரும் பிஎன்ஆர் எண்ணும்கூட.

நம் விவரம் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது?

பல விமான நிறுவனங்களின் பயணிகள் தகவலைக் கையாளும் ‘சிட்டா’ என்ற நிறுவனத்தின் கணினிகள் 2021-ல் ஹேக் செய்யப்பட்டன. அதில் உலகெங்கும் சுமார் 45 லட்சம் பேரின் தகவல்கள் சிக்கியதாக அந்த ஆண்டு மே மாதம் ஏர் இந்தியா அறிவித்தது. 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவான பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், பாஸ்போர்ட், டிக்கெட் தகவல்கள் அவை. கார்டு விவரங்களும் இருந்தன. சிவிவி எண் மட்டும் இல்லை. இதே தாக்குதலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர்கள் சுமார் 5.8 லட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை என்ன செய்வது?

இதுபோக, போர்டிங் பாஸைப் படமெடுத்து நாமே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பிஎன்ஆரும் பெயரும் அதிலேயே இருக்கின்றன. ஆகவே, மெயிலில் விவரம் சரியாக இருப்பது அது உண்மையானது என்பதற்குச் சான்று ஆகாது.

எதைப் பார்க்க வேண்டும்?

மொபைலில் அனுப்புநரின் பெயர் மட்டும்தான் தெரியும். அதை யார் வேண்டுமானாலும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரி தெரியும். அதையும் போலியாகக் காட்ட வழி உண்டு என்பதால், லிங்க்கின் முகவரியைப் பார்ப்பது முக்கியம். இண்டிகோவின் தளம் ‘கோஇண்டிகோ.இன்’. வந்திருப்பது ‘கோஇண்டிகோ.இன்.வேறேதோபெயர்.காம்’ என்றால் அது இண்டிகோ அல்ல, ‘வேறேதோபெயர்.காம்’ வைத்திருப்பவருடைய தளம். முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொரு துப்பும் உண்டு. ஏஜென்ட் தன் மெயில் ஐடியைக் கொடுத்து டிக்கெட் போட்டிருந்தால், நிறுவனத்தின் தகவல் அவருக்குத்தான் போகும். உங்கள் ஐடிக்கு நேரடியாக ‘ரத்து’ மெயில் வந்தது எப்படி? முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், லிங்க்கை விட்டுவிட்டு விமான நிறுவனத்தின் ஆப்பை நீங்களே திறந்து பிஎன்ஆரைப் போட்டுப் பாருங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பிவிடாதீர்கள், அதிலும் போலிகள் ஏராளம்.

‘வருகை அட்டைக்குக் கட்டணம் கட்டுங்கள்’ என்று வரும் மெயில்களிலும் கவனம் தேவை. சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை இரண்டுமே அந்தந்த அரசுத் தளங்களில் இலவசம். அதேபோல, ரீஃபண்ட் பணம் வந்து சேர யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது.

அவசரத்தில் கிளிக் செய்து கார்டு விவரத்தையும் கொடுத்துவிட்டால்? வங்கிக்குச் சொல்லி உடனே கார்டை முடக்குங்கள். கையோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அந்த மெயிலை மட்டும் வெறுப்பில் டெலீட் செய்துவிடாதீர்கள், புகாருக்கு அது வேண்டும்.